பலகை அடைப்பு: கடைக்காரர்களுக்கு ஒரு பாடம்





கடை நடத்தும் நம்மவர்களிடம், "கிட்டங்கியில் அரிசி எத்தனை மூட்டை இருக்கிறது?" என்று கேட்டால் பேரேட்டைத் திறக்காமலே சொல்லிவிடுவார்கள். "இன்றிரவு கடைக் கண்ணாடி உடைந்துபோனால் அதை அடைப்பதற்குப் பலகை எங்கே இருக்கிறது?" என்று கேட்டால் பெரும்பாலோர் வாய் திறப்பதில்லை. நாமும் அப்படித்தான் இருந்தோம். அப்படி இருந்ததற்கு நாம் கொடுத்த விலையையும், பிறகு கற்றுக்கொண்டதையும் இங்கே எழுதுகிறோம். நாம் மதரஸாவிலும் ஆரம்பப் பள்ளிக்கூடத்திலும் படித்ததோடு சரி, இஞ்சினீயர் அல்லர். எனினும் கையால் செய்து, தவறிப்போய், மறுபடியும் செய்து அறிந்துகொண்டதைச் சொல்வதற்குப் பட்டம் தேவையில்லை என்று எண்ணித் துணிகின்றோம்.

பழைய பலகைக் கடை

நமது அத்தா காலத்துக் கடைக்கு இரும்புச் சுருள் கதவு கிடையாது. கடை முகப்பு முழுவதும் பலகைதான். கீழே வாசற்படியில் ஒரு காடி, மேலே உத்திரத்தில் ஒரு காடி. ஒவ்வொரு பலகையாக மேற்காடியில் நுழைத்து, கீழ்க்காடியில் இறக்கி, வரிசையாகத் தள்ளிக்கொண்டே போக வேண்டும். கடைசிப் பலகையைப் போட்டதும் உட்புறம் ஒரு குறுக்குக் கட்டையைச் செருகிவிட்டால், வெளியிலிருந்து ஒருவனாலும் அசைக்க முடியாது. ஒவ்வொரு பலகையின் முதுகிலும் 1, 2, 3 என்று எண் போட்டிருக்கும். எண் மாறினால் பலகை பொருந்தாது. பொருந்தாவிட்டால் கடைப் பையனுக்கு ஏச்சு விழும். மலாக்கா நகரத்து ஜோங்கர் தெருவிலும் துக்காங் எமாஸ் தெருவிலும் உள்ள பழைய கடைவீடுகளுக்கும், நம் தாய்நாட்டுப் பழைய மளிகைக் கடைகளுக்கும் இதுவே வழக்கம்.

இதை ஏன் சொல்கிறோம் என்றால், பலகை அடைப்பது நம்மவருக்குப் புதிய வித்தையன்று. நம் முன்னோர் ஒவ்வோர் இரவும் செய்த வேலை அது. அளவாகப் பலகை, அதற்கு ஓர் எண், உட்புறம் ஒரு குறுக்குக் கட்டை, உள்ளே இருப்பவன் சாவியில்லாமல் திறந்து வெளியே வர ஒரு வழி: இந்த நான்கும் பழைய கடையில் இருந்தன. கண்ணாடியும் சுருள் கதவும் வந்த பிறகு நாம் இந்த நான்கையும் மறந்துவிட்டோம்.

நமக்கு நேர்ந்தது

நமது கடை ஜாசின் வட்டாரத்தில் ஒரு முனைக்கடை. முன்பக்கம் சுருள் கதவு. பக்கத்துச் சந்தைப் பார்த்தாற்போல் ஆறடி அகலமும் நாலடி உயரமும் உள்ள கண்ணாடி ஜன்னல். அதற்கு அடுத்தாற்போல் மாடிப்படிக்குப் போகும் மரக்கதவு. மாடியில் நமது கடைப் பையன் படுத்திருப்பான். சில வருஷங்களுக்கு முன் ஒரு நாள், சுபுஹுக்குச் சற்று முன்னால் பெருங்காற்று வந்தது. எங்கிருந்தோ பறந்து வந்த ஒரு தகரம் கண்ணாடி ஜன்னலை நொறுக்கிவிட்டது. பக்கத்து மரக்கதவின் தாழ்ப்பாளும் காற்றில் பிய்ந்துபோயிற்று. சத்தம் கேட்டுப் பையன் இருட்டில் வெறுங்காலோடு இறங்கி ஓடி வந்தான். உள்ளங்காலில் கண்ணாடி ஏறி ஐந்து தையல் போட நேர்ந்தது. அது முதல் நஷ்டம். அதன் பழி காற்றைச் சாராது. படிக்கட்டடியில் ஒரு ஜோடிச் செருப்பு வைக்காத நம்மையே சாரும்.

பொழுது விடிந்ததும் நாம் செய்தது என்ன? அவசரத்தில் கிடைத்த மெல்லிய ஒட்டுப்பலகையை வாங்கி, ஓர் அங்குல ஆணியால் சுற்றிலும் அடித்தோம். கனம் மூன்று மில்லிமீட்டர். மிட்டாய்ப் பெட்டி செய்யத்தான் ஆகும். மூன்றாம் நாள் மாலை மறுபடி காற்று வந்தபோது அது காகிதம் போல் கிழிந்து பறந்தது. மழை உள்ளே புகுந்து சீனி மூட்டைகளை நனைத்தது. அது இரண்டாம் நஷ்டம்.

மூன்றாவது, நஷ்டமாக ஆகாமல் தப்பியது. அதை நினைத்தால் இன்றும் நெஞ்சு பதறுகிறது. தாழ்ப்பாள் போன மரக்கதவுக்குக் குறுக்கே வெளிப்புறத்தில் இரண்டுக்கு நாலு கட்டைகள் இரண்டை வைத்து, நாலங்குல ஆணி அடித்து, "இனி எவன் வருவான்?" என்று பெருமையாக நின்றோம். அப்போது அஞ்சடியில் வந்துகொண்டிருந்த ஒரு பெரியவர், நம் அத்தாவோடு வியாபாரம் செய்தவர், நின்று பார்த்துவிட்டு, "தம்பி, ராத்திரி முன்கதவை வெளியே பூட்டிவிட்டுத்தானே வீட்டுக்குப் போகிறாய்? மாடியில் அந்தப் பையன் படுத்திருக்கிறானே, நெருப்புப் பிடித்தால் அவன் எந்த வழியாக வருவான்?" என்று கேட்டார். நம்மிடம் பதில் இல்லை. அந்த நிமிஷமே கடப்பாரையை எடுத்து அந்த ஆணிகளைப் பிடுங்கினோம். சரக்கைக் காப்பதற்காக ஒரு தாயின் பிள்ளையைப் பெட்டிக்குள் வைத்து ஆணி அடிக்கத் துணிந்திருந்தோம். அது நமக்குத் தெரியவும் இல்லை.

சகோதரர்களே, இது வெறும் கற்பனைப் பயமன்று. 2017 செப்டம்பர் 14ஆம் தேதி விடியற்காலையில் கோலாலம்பூர் டத்தோ கெராமாட் பகுதியில் குர்ஆன் மனனம் செய்யும் ஒரு மதரஸாவில் தீப்பிடித்து 23 உயிர்கள் போயின, பெரும்பாலோர் சிறுவர்கள். ஜன்னல்களில் இரும்புக் கம்பி. வாசல் பக்கம் நெருப்பு. திருடனுக்காகப் போட்ட கம்பி, உள்ளே இருப்பவர்களுக்குச் சிறையாகிவிட்டது. ஆகவே இந்தப் பாடத்தின் முதல் விதியை இப்போதே எழுதிவிடுகிறோம்: மனிதர் படுத்துறங்கும் கட்டடத்தில், வெளியேறும் வழியை ஒருபோதும் ஆணியடித்து அடைக்கலாகாது. எத்தனை அடைப்பு அடைத்தாலும், உள்ளிருந்து சாவியில்லாமல், இருட்டில், ஒரு கையால் திறக்கக்கூடிய வாசல் ஒன்று இருந்தே தீர வேண்டும்.

காற்றின் பலம்

மேற்குக் கரையில் வாழும் நமக்குச் ‘சுமாத்ரா’ என்ற காற்று நன்கு தெரியும். சுமாத்ரா தீவிலும் மலாக்கா நீரிணையிலும் இரவில் இடிமேகங்கள் வரிசையாகத் திரண்டு, கிழக்கு நோக்கி நகர்ந்து, பெரும்பாலும் விடியலுக்கு முன்போ காலையிலோ நம் கரையில் வந்து மோதும். தென்மேற்குப் பருவக் காற்றுக் காலத்திலும் அதை ஒட்டிய மாதங்களிலும் இது மிகுதி. இத்தகைய காற்று மணிக்கு 40 முதல் 80 கிலோமீட்டர் வரை வீசும் என்பது வானிலையாளர் கணக்கு.

மணிக்கு 80 கிலோமீட்டர் வேகக் காற்று ஒரு சதுர மீட்டர் பரப்பின் மீது ஏறத்தாழ 30 கிலோ பாரமாக அழுத்தும். நாலுக்கு எட்டு அடி முழு ஒட்டுப்பலகையின் பரப்பு ஏறத்தாழ மூன்று சதுர மீட்டர். ஆக, முழுப் பலகையின் மீது சுமார் 90 கிலோ. ஒன்றே முக்கால் மூட்டை அரிசி சாய்ந்து கிடப்பதற்குச் சமம். வேகம் பாதியானால் பாரம் காலாகிவிடும். வேகம் இரட்டித்தால் பாரம் நான்கு மடங்காகும். மூன்று மில்லிமீட்டர்ப் பலகையும் ஓரங்குல ஆணியும் ஏன் நிற்கவில்லை என்பது இப்போது விளங்கும்.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். உடைந்த ஜன்னல் வழியே புகுந்த காற்று வெளியேற வழியின்றிக் கூரையைக் கீழிருந்து மேலே தள்ளும். வெளியே வீசும் காற்று கூரையை மேலே இழுக்கும். இரண்டும் சேர்ந்தால் தகரக் கூரை பிய்ந்துவிடும். ஆகவே ஒரு ஜன்னலை உடனே அடைப்பது, சில வேளைகளில் கூரையையே காப்பதாகும்.

முதற்கண் செய்ய வேண்டியவை

1. உடைத்தது திருடனாக இருக்கக்கூடும் என்றால் உள்ளே போகாதீர்கள். அவன் இன்னும் உள்ளே இருக்கலாம். தள்ளி நின்று 999க்குப் போன் செய்யுங்கள். போலீசார் வந்து பார்க்கும் வரை எதையும் தொட வேண்டாம்.

2. தண்ணீர் புகுந்திருந்தால், சுவிட்சுப் பெட்டியருகே நீர் இல்லையென்று உறுதி செய்துகொண்டு மெயின் சுவிட்சை அணையுங்கள். அருகே நீர் இருந்தால் தொடவே வேண்டாம். மின்சார வாரியத்தின் 15454க்குச் சொல்லுங்கள்.

3. பலகை அடிப்பதற்கு முன் படம் எடுங்கள். வெளியிலிருந்து, உள்ளிலிருந்து, உடைந்த பூட்டு, நனைந்த சரக்கு என்று எல்லாவற்றையும் எடுங்கள். இன்று ஒவ்வொருவர் சட்டைப் பையிலும் கேமரா இருக்கிறது. நாம் முதலில் கூட்டிப் பெருக்கிவிட்டுப் பிறகு படம் எடுத்தோம். சுத்தமான தரையைக் காட்டி யாரிடம் நஷ்டம் கேட்பது?

4. கெட்டியான அடியுள்ள பூட்சும் தோல் கையுறையும் போட்டுக்கொண்டு, சட்டத்தில் தொங்கும் கண்ணாடித் துண்டுகளை மேலிருந்து கீழாக எடுங்கள். கீழ்த்துண்டை முதலில் எடுத்தால் மேல்துண்டு கத்தி போல் கையில் இறங்கும். எடுத்ததைச் செய்தித்தாளில் சுற்றி, அட்டைப் பெட்டியில் போட்டு, ‘கண்ணாடி’ என்று எழுதி வையுங்கள். குப்பை அள்ளுபவருக்கும் கை இருக்கிறது.

5. இனி, நம் மனச்சாட்சிக்கு உரிய விஷயம். உடைந்த கண்ணாடிக்கு அருகே திறந்திருந்த அரிசி, பருப்பு, மசாலா மூட்டைகளை என்ன செய்வது? புடைத்து எடுத்துவிடலாம் என்று தோன்றும். நமக்கும் தோன்றியது. கண்ணாடித் தூள் உப்பைப் போல் மெல்லியது; முறத்தில் பிரியாது. நாம் இரண்டு மூட்டை அரிசியையும் திறந்திருந்த மிளகாய்த்தூள் முழுவதையும் கொட்டினோம். கொட்டும்போது மனம் வலித்தது, பொய் சொல்லவில்லை. ஆயினும் தோட்டத்திலிருந்து வந்து நம்மை நம்பி வாங்கிப் போகும் ஒரு குழந்தையின் சோற்றில் அது விழுந்திருந்தால், அந்த லாபம் நமக்கு எதற்கு? மூடி முத்திரையிட்ட டின்னும் புட்டியும் துடைத்து விற்கலாம். திறந்திருந்த எதுவும் ஆகாது.

சாமான்கள்

முழு ஒட்டுப்பலகை நாலடிக்கு எட்டடியாக வரும். சிறு ஜன்னலுக்கு 12 மில்லிமீட்டர்க் கனம் போதும். கடை முகப்புக்கும் கதவுக்கும் 18 மில்லிமீட்டர் வேண்டும். 18 மில்லிமீட்டர் முழுப் பலகை சுமார் 30 கிலோ எடை. காற்றில் தனியாளாகத் தூக்க முயலக் கூடாது. அட்டைத் தூள் பலகை மழையில் ஊறி உப்பிவிடும், வாங்க வேண்டாம். இரண்டுக்கு நாலு கட்டை நான்கைந்து, இரண்டரை அங்குலத் திருகாணி, வட்டத் தகடு, செங்கல் சுவருக்கு மூன்றங்குலத் திருகாணியும் அதற்குரிய பிளாஸ்டிக் ஆப்பும், உருண்டைத் தலையுள்ள நீளமான போல்ட்டும் நட்டும், ஒரு தார்ப்பாய்: இவ்வளவுதான்.

ஆணியைவிடத் திருகாணி ஏன் மேல்? காற்று பலகையை உள்ளே தள்ளுவதோடு நிற்பதில்லை, வெளியேயும் இழுக்கும். இழுப்புக்கு ஆணி வழுக்கி வந்துவிடும், திருகாணி பிடித்துக்கொள்ளும். மேலும், கழற்றும்போது பலகையும் சட்டமும் சேதமாகா.

மின்சாரத் துளைப்பானை மட்டும் நம்பியிருக்கக் கூடாது. 2018 நவம்பர் 16ஆம் தேதி அதிகாலையில் ‘கஜா’ புயல் வேதாரண்யம் பக்கம் கரை கடந்தபோது, முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம் முதலிய ஊர்களில் நம் சொந்தக்காரர்கள் பட்ட பாட்டை நாம் அறிவோம். பல நாட்கள் மின்சாரமே இல்லை. பொத்தானை அழுத்தித் திறக்கும் கதவும் மின்கருவியும் அப்போது எதற்கு உதவும்? கையால் திருகும் திருப்புளியும், கைத்துளைப்பானும், கைரம்பமும் கடையில் இருக்கட்டும்.

ஜன்னலை அடைக்கும் முறை

மரச்சட்டம் பழுதில்லாமல் இருந்தால் பலகையை அந்தச் சட்டத்திலேயே வெளிப்புறமாகத் திருகலாம். சட்டத்தின் மேல் இரண்டு அங்குலமாவது பலகை படிய வேண்டும். ஓரடிக்கு ஒரு திருகாணிக்குக் குறையக் கூடாது. மூலைகளில் கட்டாயம் வேண்டும். முதலில் சிறு துளை போட்டுவிட்டுத் திருகினால் கட்டை வெடிக்காது.

சட்டமும் போய்விட்டால் செங்கல் சுவரில்தான் பிடிக்க வேண்டும். அப்போது நான்கு பக்கமும் நாலங்குலம் சுவர் மேல் படியும்படி பலகை வெட்ட வேண்டும். நம் ஜன்னலையே கணக்குப் போட்டுக் காட்டுகிறோம். அகலம் 72 அங்குலம், உயரம் 48 அங்குலம். இருபுறமும் நாலு நாலு கூட்டினால் 80க்கு 56 அங்குலம். ஒரே பலகையில் அடங்காது. ஆகவே 40 அங்குல அகலமும் 56 அங்குல உயரமும் உள்ள இரண்டு பலகை வெட்டி, நடுவில் சேரும் இடத்தில் பின்புறம் ஒரு செங்குத்துக் கட்டை நிறுத்தி, இரண்டு பலகையையும் அக்கட்டையோடு திருக வேண்டும். கட்டை இல்லாத மூட்டு காற்றில் வாய் பிளக்கும். சுவரில் துளைக்கும்போது பூச்சிலோ, கல் சேரும் சாந்திலோ துளைக்காமல் செங்கல்லின் நடுவில் துளையுங்கள். ஜன்னல் வாயின் ஓரத்துக்கு மிக அருகே துளைத்தால் கல்லே உடைந்துவிடும்.

மூன்றாவது முறை, சட்டத்தையோ சுவரையோ துளைக்காமல் அடைப்பது. பலகையை வெளியே வையுங்கள். உள்ளே, ஜன்னல் வாயைவிட இருபுறமும் எட்டங்குலம் நீளமான இரண்டு கட்டைகளை, மேலே மூன்றிலொரு பங்கிலும் கீழே மூன்றிலொரு பங்கிலும் குறுக்காக வையுங்கள். பலகையையும் கட்டையையும் துளைத்து போல்ட் மாட்டி, நட்டை உள்ளே முறுக்குங்கள். சுவரின் கனத்தை முன்பே அளந்து அதற்கேற்ற நீளமான போல்ட் வாங்க வேண்டும். போல்ட்டின் உருண்டைத் தலை வெளியே இருப்பதால் திருடன் கழற்ற முடியாது. நட்டு உள்ளே இருப்பதால் நாம் எளிதில் கழற்றலாம். நம் முன்னோர் பலகைக் கடைக்குப் போட்ட குறுக்குக் கட்டையின் தம்பிதான் இது.

இந்த முறை மலாக்கா நகரத்துப் பழைய கட்டடங்களில் இருப்போருக்கு மிகவும் உகந்தது. மலாக்காவும் ஜார்ஜ் டவுனும் 2008ஆம் ஆண்டில் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னப் பட்டியலில் சேர்ந்தன. அந்த வட்டாரத்துப் பழைய செங்கால் மரச் சட்டத்தில் நாலங்குல ஆணி அடித்துப் பிளந்துவிட்டால் அதைப் போல் மற்றொன்று செய்யத் தச்சன் கிடைப்பது அரிது. தற்காலிக அடைப்பு என்றாலும் நகராண்மைக்கழகத்துக்கு ஒரு வார்த்தை தெரிவித்துவிடுவது நல்லது.

எந்த முறையானாலும் பலகையின் மேல் விளிம்புக்கு மேலே தார்ப்பாயை ஒரு சாண் மடித்துத் திருகினால் மழை பின்னால் இறங்காது. உயரத்தில் ஓர் அங்குலத் துளை நாலைந்து போட்டால் உள்ளே புழுக்கமும் பூசணமும் வராது. பலகையின் பின்புறம் எண்ணும், ‘மேல்’ என்ற அடையாளமும் எழுதுங்கள். மறுமுறை தேடி அலைய வேண்டியதில்லை.

கதவும் சுருள் கதவும்

உதைத்துத் திறந்த கதவைப் பார்த்தால், பெரும்பாலும் கதவு உடைந்திருக்காது. தாழ்ப்பாள் நுழையும் நிலைக்கால்தான் பிளந்திருக்கும். வேறு வெளியேறும் வழி இருந்தால் மட்டும், கதவைச் சாத்திப் பலகையால் முழுக்க அடைக்கலாம். அதுவே ஒரே வழியானால், பிளந்த நிலைக்காலின் மேல் ஒரு கட்டையை நீளமான திருகாணியால் பிடித்து, உட்புறம் இருபக்கமும் இரும்புக் கொக்கி வைத்து, தூக்கி எடுக்கக்கூடிய குறுக்குக் கட்டை போடுங்கள். நாம் அன்று மாலை அதைத்தான் செய்தோம். பையனைக் கூப்பிட்டு, விளக்கை அணைத்து, "இப்போது இறங்கி வெளியே வா, பார்ப்போம்" என்றோம். மாடியிலிருந்து தெரு வரை வருவதற்குள் இருபது எண்ணினோம். அதன் பிறகே நமக்குத் தூக்கம் வந்தது.

சுருள் கதவு வளைந்துபோனால் மோட்டாரை ஓட்டிப் பார்க்காதீர்கள். மாட்டிக்கொண்டு மேலும் சுருங்கும். மேலே உருளைக்குள் இருக்கும் சுருள்வில் முறுக்கேறியிருக்கும். பழக்கமில்லாதவர் அவிழ்த்தால் கையை முறித்துவிடும். மோட்டாருக்கு மின்சாரத்தை நிறுத்திவிட்டு, உட்புறம் கட்டைச் சட்டம் ஒன்று நிறுத்திப் பலகை அடித்து, கதவுக்காரரை அழையுங்கள். வெளியே முட்டுக் கொடுத்தால் அஞ்சடி மறையும். அஞ்சடி ஊரார் நடக்கும் வழி. அதை மறிப்பது 1974ஆம் ஆண்டின் தெரு, வடிகால், கட்டடச் சட்டப்படி குற்றம்.

கண்ணாடியில் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டுநாடா ஒட்டினால் உடையாது என்று சிலர் நினைக்கிறார்கள். அது தவறு. நாடா கண்ணாடியைப் பலப்படுத்துவதில்லை. உடைந்தால் பெரிய துண்டாக விழச் செய்கிறது, அவ்வளவே. புதிதாகக் கண்ணாடி போடும்போது, உடைந்தாலும் சட்டத்திலேயே ஒட்டி நிற்கும் இரட்டைப் படலக் கண்ணாடியோ, சிறு மணிகளாக உதிரும் பதமிட்ட கண்ணாடியோ கேட்டுப் போடுங்கள். சாதாரணக் கண்ணாடிதான் கத்தியாக உடைகிறது.

தோட்டத்து லயன் வீடுகள்

புக்கிட் அசஹான் முதலான தோட்டப் பகுதிகளில் ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. இளையோர் பட்டணங்களுக்குக் குடியேறினர். பழைய லயன்களில் இன்னும் சில முதியவர்கள் இருக்கிறார்கள். ஜன்னல் கதவு கீல் விட்டுப் போனால் அரிசிச் சாக்கைக் கட்டித் தொங்கவிடுவார்கள். அவர்களில் பலர் நம் கடைகளில் தலைமுறையாகப் பற்று வைத்து வாங்கியவர்கள். நம் கடைகள் நிமிர்ந்தது அவர்கள் காசில். கண்ணாடியில்லாத மரஜன்னலை அடைக்க ஒரு துண்டு 12 மில்லிமீட்டர்ப் பலகையும் எட்டுத் திருகாணியும் போதும். நம் ஜன்னலில் மீந்த துண்டுகளைக் கொண்டுபோய் இரண்டு வீடுகளுக்கு அடித்துக் கொடுத்தோம். ஒரு பாட்டி, "மழைச் சாரல் இல்லாமே தூங்கினேன் அப்பா" என்றார். அங்கேயும் முதல் விதியை மறக்கலாகாது: ஓர் அறைக்கு ஒரே ஜன்னலும் ஒரே கதவும் இருந்தால் ஜன்னலைக் கீல் வைத்து உள்ளிருந்து திறக்கும்படிதான் அடைக்க வேண்டும்.

போலீசும் இன்ஷூரன்சும்

திருட்டு, சேதம் எதுவானாலும் அன்றே போலீஸ் நிலையத்தில் எழுதி வைத்து நகலை வாங்கிக்கொள்ளுங்கள். தீ இன்ஷூரன்ஸ் எடுத்திருக்கிறோம், எல்லாம் கிடைத்துவிடும் என்று பலர் நம்பியிருக்கிறார்கள். சாதாரணத் தீப் பத்திரம் தீ, மின்னல், வீட்டு எரிவாயு வெடிப்பு போன்றவற்றுக்குத்தான். புயல், வெள்ளம், கலகம் ஆகியவற்றுக்குக் கூடுதலாகப் பணம் கட்டிச் சேர்க்க வேண்டும். கன்னத் திருட்டுக்குத் தனிப் பத்திரம். தகாஃபுல் எடுத்தவர்களும் தம் பத்திரத்தை ஒரு முறை படித்துப் பார்க்கட்டும். மேலும் நஷ்டம் பெருகாமல் தடுப்பது பத்திரக்காரரின் கடமை என்று பெரும்பாலான பத்திரங்களில் எழுதியிருக்கும். ஆகவே பலகை அடைப்பது உரிமைக்கும் அவசியம். பலகை, திருகாணி, தச்சன் கூலி எல்லாவற்றுக்கும் ரசீது வாங்கி வையுங்கள்.

பலகை தற்காலிகந்தான். பல வாரம் அப்படியே விட்டால் ஊரார் கடை மூடிவிட்டது என்று எண்ணுவர். திருடனும் அப்படியே எண்ணுவான். அடைத்த அன்றே பலகை மீது ‘கடை திறந்திருக்கிறது’ என்று பெரிய எழுத்தில் எழுதுங்கள். இரவில் ஒரு விளக்கு எரியட்டும். கண்ணாடிக்காரரை அன்றே அழையுங்கள்.

முடிவாக ஒரு வேண்டுகோள்

நமக்கு ஆபத்து வந்த அன்று, இரண்டாம் முறை நல்ல பலகை கொடுத்து உதவியவர் எதிர்வரிசையில் இரும்புச் சாமான் கடை வைத்திருக்கும் சீனத் தவுக்கே. மழையில் நனைந்துகொண்டே தம் கையால் ஒரு முனையைப் பிடித்தார். பணம் பிறகு கொடு என்றார். அந்த நன்றியை மறக்க முடியாது. ஆனால் அவர் கடை அன்று மூடியிருந்தால் என்ன செய்திருப்போம் என்பதையும் மறக்க முடியவில்லை.

ஆகவே நம் சங்கத்தார் ஒவ்வொரு பட்டணத்திலும், நம்மவர் ஒருவரின் கிட்டங்கியில், நான்கு முழுப் பலகை, எட்டுக் கட்டை, ஒரு பெட்டித் திருகாணி, போல்ட், கைக்கருவிகள், இரண்டு ஜோடிக் கையுறை, ஒரு தார்ப்பாய் ஆகியவற்றைப் பொதுவில் வைக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம். எடுத்தவர் ஒரு வாரத்தில் திருப்பி வைக்கட்டும். சாதி மதம் பாராமல் பக்கத்துக் கடைக்காரருக்கும் கொடுக்கட்டும். பத்துப் பேர் பங்கு போட்டால் ஆளுக்கு ஒரு மூட்டை அரிசி விலைகூட ஆகாது.

அதற்கு முன் இன்றிரவு ஒரு காரியம் செய்யுங்கள். கடையைச் சாத்துமுன் மாடியில் படுக்கும் பையனைக் கூப்பிட்டு, விளக்கை அணைத்து, தெருவுக்கு வரச் சொல்லுங்கள். அவன் வந்து சேரும் வரை எண்ணுங்கள். வழியில் மூட்டை இருந்தால் நகர்த்துங்கள். பூட்டு இருந்தால் மாற்றுங்கள். சரக்கை எப்போதும் மறுபடி வாங்கிக்கொள்ளலாம்.